முதல் கூட்டத்தில் ஸ்டோர்காரர் இருந்தாரா?

கோவையில் இருந்துகொண்டு 14 வருடமாகத் திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஈஆர்பி, அதாவது ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி, தங்கைகள் டேட்டாபேஸ் பற்றிக் கேட்பார்கள், ரிப்போர்ட் பற்றிக் கேட்பார்கள். கிக்ஆஃப் மீட்டிங்கை, அதாவது வேலை தொடங்கும் முதல் கூட்டத்தை, எப்படி நடத்துவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பூ, பழம், கைகுலுக்கல், சாப்பாடு, அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதனால் ஒரு திட்டமே படுத்துப்போனது.

அது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி. அவினாசி சாலையில் ஒரு ஓட்டலில் ஹால் எடுத்திருந்தோம். நான் 62 ஸ்லைடு தயார் செய்து போயிருந்தேன். வந்தவர்கள் நான்கு பேர்: முதலாளி, வெளியூரில் எம்பிஏ முடித்துவிட்டு வந்திருந்த அவருடைய மகன், கணக்கு பார்ப்பவர், ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ஒரு தம்பி. இரண்டு மணி நேரம் பேசினேன். நடுவில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடிவில் முதலாளி, "நல்லா இருக்குதுங்க, ஆரம்பிச்சரலாம்" என்றார். நல்ல சாப்பாடு. எல்லோரும் திருப்தியாகத்தான் கலைந்தோம்.

ஐந்து மாதம் கழித்துப் பயிற்சி நாள். அன்றைக்குத்தான் ஸ்டோர் பார்க்கும் அண்ணனை முதல்முறையாக அருகில் பார்த்தேன். கையில் ஒரு நீள நோட்டு. அட்டை கிழிந்துபோனதை ஓவர்லாக் நூலால் தைத்து வைத்திருந்தார். திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நோட்டைப் பிரித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "தம்பி, இந்தக் கட்டத்த இதுல எங்கீங்க போடறது?"

பேனாவால் எழுதிய தேதி, டிசி (துணியோடு போகும் டெலிவரி சலான்) நம்பர், சாயப்பட்டறை, ரோல், கிலோ. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு தனிக் கட்டம். தலைப்பு "குறைவு". சாயத்துக்குப் போன துணி, போன எடையில் திரும்பி வராது. நூறு கிலோ போனால் தொண்ணூற்று மூன்றோ நான்கோதான் வரும். எவ்வளவு குறைவுவரை ஏற்றுக்கொள்வது, எவ்வளவுக்கு மேல் போனால் பட்டறைக்காரரிடம் கேட்பது என்று ஒவ்வொரு பட்டறைக்கும் தனித்தனிப் பேச்சு இருந்தது. ஒருவருக்கு 6 சதவீதம், இன்னொருவருக்கு 8, அடர்நிறத்துக்கு வேறு. எந்தக் காகிதத்திலும் இது இல்லை. அந்தப் பென்சில் கட்டத்தில் மட்டும்தான் இருந்தது. பென்சில் ஏன் என்று கேட்டேன். பட்டறைக்காரர் ஒத்துக்கொண்ட பிறகுதான் பேனாவால் எழுதுவாராம்.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, கைவசம் இருந்த துணியை எல்லாம் வெளியூர்ப் பட்டறைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கே எத்தனை கிலோ கிடக்கிறது என்றே தெரியாமல் போயிருக்கிறது. அப்போது இவர் தானாக ஆரம்பித்த நோட்டு அது. அந்தக் கம்பெனியின் துணிக் கணக்கு முழுவதும் அந்த நோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எழுதிய மென்பொருளுக்கோ அப்படி ஒரு கட்டம் இருப்பதே தெரியாது. போனதும் வந்ததும் சமமாக வந்தால்தான் டிசியை முடிக்க விடும். மூன்று வாரம் தள்ளாடிவிட்டு எல்லோரும் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள்.

அந்த அண்ணனை ஏன் முதல் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை என்று பலநாள் யோசித்திருக்கிறேன். கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. ஓட்டல் ஹாலுக்கு அவர் வரமாட்டார் என்றும், வந்தாலும் பேசமாட்டார் என்றும் எல்லோருமே நினைத்திருப்போம். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியாக இருந்தாலும், நோட்டு எழுதுகிறவர் அறையில் இல்லாமல் நான் முதல் கூட்டத்தை ஆரம்பிப்பதில்லை. இரண்டு முறை வந்த வழியே திரும்பியும் போயிருக்கிறேன்.

அடுத்து வந்த ஒரு பனியன் கம்பெனியில் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் இரண்டு நாள் கம்பெனிக்குள்ளேயே சுற்றினேன். லேப்டாப் எடுத்துப் போகவில்லை. ஒரே ஒரு ஸ்டைலை, அதாவது ஒரு டிசைன் பனியனைப் பிடித்துக்கொண்டு, நூல் மூட்டை இறங்கும் இடத்தில் இருந்து அட்டைப்பெட்டி லாரியில் ஏறும் இடம்வரை அதன் பின்னாலேயே நடந்தேன். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விதான்: "இத எதுலீங்க எழுதறீங்க?" எட்டு நோட்டு, மூன்று எக்ஸெல், ஒரு சுவர்ப் பலகை கிடைத்தது. வாட்ச்மேனின் கேட் ரிஜிஸ்டரும் அதில் உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த எதைவிடவும் அந்த ரிஜிஸ்டரில் வண்டி வந்த நேரம் சரியாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொருவரிடமும் கால்மணி நேரம் தனியாகப் பேசினேன். நம் ஊரில் இது கட்டாயம். கொங்குப் பேச்சில் மரியாதை ஜாஸ்தி. முதலாளி முன்னால் கட்டிங் மாஸ்டர் "செரிங்க" என்றால், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று பொருள். ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "பாத்துக்கலாமுங்க" என்றால் பெரும்பாலும் நடக்காது என்று பொருள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே, வேலை என்று வந்த பிறகு இதைச் சரியாகப் புரிந்துகொள்ளச் சில வருடம் ஆனது. தனியாக டீக்கடையில் நிற்கும்போது அதே மாஸ்டர், "இங்க பாருங்க தம்பி, லே போடற எடத்துல நின்னுட்டு டைப் அடிக்கறதெல்லாம் ஆகாதுங்க. கைல கத்திரி இருக்குது" என்றார். லே என்றால் வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காக விரிப்பது. அது கூட்டத்தில் வரவே வராத வாக்கியம். அந்த ஒரு பேச்சால் கட்டிங்கில் டைப் அடிப்பதை எடுத்துவிட்டு, பண்டல் சீட்டில் பார்கோடு என்று மாற்றினோம்.

நாள் குறிப்பதற்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு யாருக்கும் மனது நிற்காது. மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஒட்டி ஜிஎஸ்டி வேலை இருப்பதால் கணக்கர் உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டார். ஷிப்மெண்ட் வாரத்தில் மெர்ச்சண்டைசர் (ஆர்டர் கொடுத்த பையரிடம் பேசி வேலையைப் பின்தொடர்பவர்) வந்தாலும் கண் முழுக்கப் போனிலேயே இருக்கும். ஆடியில் தொடங்கச் சம்மதிக்க மாட்டார்கள், அதை எதிர்த்துப் பேசுவதில் பயனில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதம் போனஸ் பேச்சு. இதையெல்லாம் கழித்து ஒரு புதன்கிழமை காலை 10 மணி கிடைத்தது. இடம், கம்பெனியிலேயே சாம்பிள் ரூம். நோட்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக ஓட்டல் வேண்டாம் என்றேன்.

மொத்தம் பதினொரு பேர். பெரியவரும் வந்தார். கம்பெனியை ஆரம்பித்தவர் அவர்தான், இப்போது முதலாளியாக இருந்து பார்ப்பது மகன்தான். ஆரம்பத்தில் பேச வேண்டியது நான் இல்லை, முதலாளிதான் என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். எதற்காக இந்தச் செலவு என்பதை அவர் வாயால் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். அவர் சொன்னது இதுதான்: "போன சீசன்ல ஒரு ஆர்டர்ல துணி பத்தாம ரெண்டாவது தடவ நூல் வாங்குனோம். ஷிப்மெண்ட் கடந்து ஏர்ல அனுப்பிச்சோம். அந்தத் துணி எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அது தெரியணுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்." அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. என் 62 ஸ்லைடில் எதுவும் அதைச் செய்திருக்காது. அந்த வாக்கியத்தை அப்படியே பலகையின் மேல் எழுதி, கூட்டம் முடியும்வரை அழிக்கவில்லை. பிறகு யார் எதைக் கேட்டாலும், அது அந்தத் துணியைக் கண்டுபிடிக்க உதவுமா என்று பார்க்க முடிந்தது.

அடுத்து எடுத்தது சொற்களை. பலகையில் "லாட்" என்று எழுதி, இது என்ன என்று சுற்றிலும் கேட்டேன். நிட்டிங் பார்ப்பவர், மில்லில் இருந்து வரும் நூல் மூட்டையில் போட்டிருக்கும் நம்பர் என்றார். இரண்டு லாட் நூலைக் கலந்து ஓட்டிவிட்டால் சாயம் போட்ட பிறகு கோடு கோடாகத் தெரியும், அவருக்கு அதுதான் கவலை. துணி பார்ப்பவருக்கு லாட் என்றால் பட்டறையில் ஒரே பாத்திரத்தில் சாயமேறி வந்த துணி. அதற்குள் ஷேடு மாறாது, அடுத்த பாத்திரத்தில் மாறலாம். கட்டிங் மாஸ்டருக்கு, ஒரே தடவையில் விரித்து வெட்டியது. மெர்ச்சண்டைசர் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங்களுக்கு பையருக்கு அனுப்பற ஒவ்வொரு டெலிவரியும் ஒரு லாட்டுங்க அண்ணா" என்றார். பத்து வருடமாக ஒரே கட்டடத்தில் வேலை செய்பவர்கள், ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

நாற்பது நிமிடம் அதற்கே போயிற்று. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. முந்தைய கம்பெனியில் திரையில் "லாட் நம்பர்" என்று ஒரே ஒரு கட்டம் வைத்து, ஒவ்வொருவரும் அவரவர் நினைத்ததைப் போட்டு ஸ்டாக் கலங்கிப்போனதை நேரில் பார்த்தவன் நான். இங்கே நூல் லாட், சாய லாட், கட்டிங் நம்பர், டெலிவரி என்று நான்கு பெயரை அந்த அறையிலேயே முடிவு செய்தோம். கிலோவா பீஸா என்ற கேள்வியும் அப்படித்தான் வந்தது. கட்டிங் வாசல்வரை கணக்கு கிலோவில், வாசலைத் தாண்டினால் பீஸில். அப்படியானால் வெட்டும் மேசையில் எஞ்சும் வேஸ்ட்டை எடை போடுவது யார்? அதுவரை யாரும் போடவில்லை. முதலாளி தேடிய துணியில் ஒரு பங்கு அங்கேதான் இருந்தது என்பது மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது.

குறைவுக் கட்டத்தை இந்த முறை நானே எடுத்துப் போட்டேன். அப்போது கணக்கர் ஒரு விஷயம் சொன்னார். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது சாயம் போடுவதுபோல வெளியில் வேலை செய்து வாங்க, அனுப்பிய பொருள் 1 வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 143வது பிரிவு சொல்கிறது. திரும்பாவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். எந்தப் பட்டறையில் என்ன பாக்கி என்று வருடக் கடைசியில் டிசி கட்டுகளை வைத்துக்கொண்டு மூன்று நாள் மண்டையை உடைப்பாராம். ஸ்டோர்காரரின் நோட்டில் அந்தப் பதில் எப்போதும் தயாராக இருந்தது. இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு படிக்கட்டுதான்.

இந்தக் கூட்டத்தில் எது நடந்தாலும் நடக்காவிட்டாலும், யார் சொன்னால் முடிவு என்பதை வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும். குடும்பக் கம்பெனியில் அப்பா, மகன், தம்பி, மைத்துனர் என்று நாலு பேர் இருப்பார்கள், நாலு பேரும் ஒவ்வொன்று சொல்வார்கள். ஒருவர் மாற்றச் சொன்னதை மூன்றாம் நாள் இன்னொருவர் திருப்பச் சொல்வார். நான் பெரியவரைப் பார்த்துக் கேட்டேன்: "ஐயா, திரையில் ஒரு மாற்றம் வேண்டும் என்றால் யார் சொல்வதை நாங்கள் செய்ய வேண்டும்?" கொஞ்சம் அமைதி. அவர் மகனைக் காட்டி, "தம்பி சொன்னா செரி. நான் ஏதாவது சொன்னாலும் அவங்ககிட்டக் கேட்டுட்டுச் செய்யுங்க" என்றார். பதினொரு பேர் முன்னால் சொன்ன சொல். அடுத்த ஏழு மாதத்தில் அது எங்களை எத்தனை முறை காப்பாற்றியது என்று கணக்கில்லை. அன்றாட விஷயங்களுக்கு ஃபேப்ரிக் மேனேஜர் முடிவு செய்யலாம், பணம் கூடும் மாற்றம் என்றால் முதலாளி, பதில் இரண்டு நாளில் வர வேண்டும் என்று எழுதிக்கொண்டோம்.

செய்யப் போகாதவற்றையும் சொல்ல வேண்டும். பீஸ் ரேட் சம்பளம் இந்தக் கட்டத்தில் இல்லை, டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும் கணக்கு டாலியிலேயே இருக்கும், பழைய இரண்டு வருட ஆர்டர்களை ஏற்ற மாட்டோம். முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது. முதல் நாளில் வாடும் முகம் பரவாயில்லை. ஐந்தாம் மாதம் வந்தால் அது சண்டையாகிவிடும். சொன்னதுபோலவே மூன்றாம் மாதம் சம்பளக் கணக்கையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார்கள். அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன், இரண்டாம் கட்டத்துக்குத் தனியாக ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கும் மனவருத்தம் இல்லை.

டீயும் பஜ்ஜியும் வந்த பிறகு ஒரு பயிற்சி வைத்தேன். ப்ரீமார்ட்டம் என்பார்கள், கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் பரப்பிய முறை. எட்டு மாதம் கழித்து இந்த மென்பொருள் ஓடவில்லை, எல்லோரும் நோட்டுக்கே திரும்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம், என்ன காரணமாக இருக்கும்? எல்லோருக்கும் ஒரு சீட்டு, பெயர் போட வேண்டாம். எங்கள் ஊர் மரியாதைக்கு இதைவிடப் பொருத்தமான வழியை நான் பார்த்ததில்லை. நேரில் சொல்லத் தயங்குகிறவர்கள் சீட்டில் தாராளமாக எழுதினார்கள். "ராத்திரி ஷிப்ட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் இல்லை." "கரண்ட் போனால் நெட் போகும்." "ஒடிசா பசங்களுக்குத் தமிழ் வராது, இங்கிலீஷும் வராது." "முதலாளி அவசரம் என்று போனில் சொன்னால் டிசி போடாமலே துணி போய்விடும்." கடைசிச் சீட்டைப் படிக்கும்போது என் குரல் கொஞ்சம் இறங்கியது. முதலாளி கேட்டுவிட்டு, "உண்மைதானுங்க. இனிமே டிசி இல்லாம வண்டிய வெளிய உடாதீங்க, நானே சொன்னாலும்" என்று வாட்ச்மேன்வரை சொல்லி அனுப்பினார். பேக்கிங்கில் திரைக்கு இந்தி போட்டதும், ராத்திரி ஷிப்ட்டுக்கு இரண்டு பேரைத் தயார் செய்ததும் அந்தச் சீட்டுகளால்தான்.

மீதி நேரத்தில் டேட்டா. 30 கோம்ப்டு நூல் அந்தக் கம்பெனியின் எக்ஸெலில் ஆறு விதமாக எழுதப்பட்டிருந்தது. அதைச் சுத்தம் செய்வது எங்கள் வேலை இல்லை, துணி தெரிந்தவர் வேலை. அதற்கு ஒருவரின் பெயர், ஒரு தேதி. சரக்கை எண்ணி ஆரம்ப ஸ்டாக் ஏற்ற ஒரு நாள். ஏப்ரல் 1 என்று சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை, கேட்க அழகாக இருக்கும். மார்ச் கடைசியில் கணக்கர் படும் பாட்டைப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். சீசன் இறங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலமே ஒரு பக்கக் குறிப்பு. தமிழில், கையெழுத்துபோல எளிய வாக்கியங்களில். என்ன முடிவு, யார், எந்தத் தேதி. வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், மறுநாள் அச்செடுத்து ஸ்டோரிலும் கட்டிங்கிலும் ஒட்டினேன். மறுநாள் என்று தள்ளினால் அவரவர் ஞாபகத்தில் அவரவர் கூட்டம்தான் நிற்கும். ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம் அனுப்பிய காலமும் எனக்கு உண்டு, அதை ஒருவரும் திறந்துகூடப் பார்த்ததில்லை.

ஒன்றை நான் விட்டுவிட்டேன். சாயப்பட்டறைக்காரர்களில் ஒருவரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். புது டிசியில் ரோல்வாரியாக எடை கேட்டோம், அவர்களோ மொத்த எடைதான் கொடுப்பார்கள். இரண்டு மாதம் அந்த ஒன்றுக்காக அலைந்தோம்.

நோட்டும் மென்பொருளும் ஆறு வாரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. தினமும் சாயங்காலம் 6 மணிக்கு ஸ்டோர்காரரும் எங்கள் பெண் ஒருவரும் உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். நான்காம் வாரத்தில் ஒரு நாள் 11 கிலோ இடித்தது. மென்பொருளில்தான் தப்பு என்று நாங்களே நினைத்துத் தேடிக்கொண்டிருந்தோம். அவர் நோட்டை இரண்டு முறை புரட்டிவிட்டு, "இல்லீங்க அம்மிணி, நாந்தான் ஒரு ரோல எழுதாம உட்டுட்டேன்" என்றார். பென்சிலால் அல்ல, பேனாவால் திருத்தினார்.

அடுத்த வாரம் கரூரில் ஒரு வீட்டு ஜவுளி கம்பெனி. அங்கே கிலோ கிடையாது, எல்லாம் மீட்டர். தறிக்காரர்கள் வெளியே ஊர் ஊராக இருக்கிறார்கள், அவர்களில் இருவரைக் கூட்டத்துக்கு வரவைக்க வேண்டும். வியாழக்கிழமை கேட்டில் இருந்து நடக்க ஆரம்பிக்கிறேன். வாட்ச்மேனிடம் ரிஜிஸ்டரைக் கேட்டு வைத்தாயிற்று.